முன்னாள் சட்டசபை உறுப்பினர் ஸர் அருணாசலம் மகாதேவா



யாழ்ப்பாண நகரத்தினின்றும் கண்டி வீதி வழியாகக் கிழக்கு நோக்கிச் செல்வோர் நகரத்தை அடுத்துக் காணும் ஊர் அரியாலை. வயலும் தோட்டமும் கடனீரேரியும் சூழ்ந்த அவ்வூரிலே கனகரத்தினம் மகா வித்தியாலயம் என ஒரு கலாசாலை உண்டு. முற்காலத்தில் அது ஸ்ரான்லிக் கல்லூரி என்று வழங்கிற்று. ஸ்ரான்லி என்பது 1927 முதல் 1931 வரை இலங்கையின் தேசாதிபதியாக இருந்தவரின் பெயர். கனகரத்தினம் என்பது, 1920ஆம் ஆண்டுகளில் சட்ட நிரூபண சபையில் வட மாகாணத்து உறுப்பினராக வீற்றிருந்து, அக்கலாசாலையைத் தோற்றுவித்த பெரியாரின் பெயர். அரசாண்டவரின் பெயர் வழக்கொழிய, ஊராரின் உறுப்பினராயிருந்தவர் பெயர் நிலைத்து நிற்பது கருதத்தக்கது.

கலாசாலை நிறுவிய ஓர் உறுப்பினரை ஊரார் மறப்பதில்லை. காலையில் மணி அடிக்குந்தோறும் அவர் பெயர் பேசப்படுகின்றது. ஆனால், சபையிலே பேசியும், குழுக்களில் இருந்து வாதித்தும், ஒரு முக்கியமான நாளில் ஆம் என்றோ இல்லை என்றோ வாக்களித்தும் தம் காலத்தைக் கழித்த உறுப்பினர்களின் கதி என்ன? அவர்களுடைய சொற்கள் சபையின் அறிக்கைகளில் அச்சாகிக் கிடக்கின்றன. அவற்றைப் புரட்டிப் பார்ப்பார் சிலரே. அத்தகைய ஒருவரைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன். 1934 முதல் 1947 வரை அரசாங்க சபையில் யாழ்ப்பாணத் தொகுதியின் உறுப்பினராகவும், உள்நாட்டு மந்திரியாகவும் விளங்கிய ஸர் அருணாசலம் மகாதேவா அவர்களே அவர். வடபுலத்துத் தொகுதி ஒன்றிலிருந்து மந்திரி பதவியை அடைந்தவர்களுள் அவரே முதல்வர். அப்பதவியோடு நின்ற தேர்தலில் பெருந்தோல்வியுற்றவரும் அவரே. இவ்விரண்டும் ஒருவர் வாழ்விலே எவ்வாறு பொருந்தின என்பதை ஆராய்வது, ஒரு மனிதரின் சரித்திரத்தோடு நம் நாட்டின் சரித்திரத்தையும் விளங்கிக் கொள்ள உதவும்.

மகாதேவா 1885ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையார் ஸர் பொன்னம்பலம் அருணாசலம். பெரிய தந்தையார் ஸர் பொன்னம்பலம் இராமநாதன். கொழும்பு றோயல் கல்லூரியிலும், பின்னர் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையிலும் கற்றார். இப்படிப்பட்ட குடியிலே பிறந்தவருக்கு அரசியல் என்பது வீட்டிலே கேட்டுப் பழகிய பேச்சு. அப்பேச்சோடு ஒரு கசப்பும் கூடவே வந்தது. அக்கசப்பை அறியாமல் மகாதேவாவை அறிய முடியாது.

1918ஆம் ஆண்டிலே, நாட்டுக்குச் சீர்திருத்தம் வேண்டும் என்று சிங்களத் தலைவர்களும் தமிழ்த் தலைவர்களும் ஒன்றுகூட முயன்றனர். ஒரே மகாசபையில் சேர்வதற்குத் தமிழர் தயங்கினர். அப்போது ஜேம்ஸ் பீரிஸ், ஈ. ஜே. சமரவிக்கிரம ஆகிய இரு தலைவர்கள், மேல் மாகாணத்திலே தமிழருக்கென ஓர் ஆசனம் ஒதுக்கப்படுவதை ஆதரிப்பதாக எழுத்தில் உறுதி கொடுத்தனர். அதை நம்பிய அருணாசலம் யாழ்ப்பாணத்தாரின் ஐயத்தைப் போக்கினார். 1919ஆம் ஆண்டு இலங்கைத் தேசிய காங்கிரஸ் தோன்றியபோது அதன் முதல் தலைவராகவும் அமர்ந்தார். ஆனால், சீர்திருத்தம் வந்து ஆசனங்கள் பங்கிடப்பட்டபோது அவ்வுறுதி காக்கப்படவில்லை. அருணாசலம் 1921இல் காங்கிரசை விட்டு விலகினார். தாம் கட்டிய மனையைத் தாமே துறந்து வெளியேறிய அவர், 1924இல் இவ்வுலகை நீத்தார்.

தந்தையார் பெற்ற இந்தப் பாடத்தை மைந்தர் நேரிலே கண்டிருந்தார். கண்டிருந்தும், இருபத்தொரு ஆண்டுகளுக்குப் பின்னர் அதே கூட்டுறவுப் பாதையிலே தாமும் காலடி வைத்தார். அது ஏன் என்பதே நம்முன் உள்ள வினா.

அதற்கு விடை காண, அக்காலத்துச் சபைகளின் அமைப்பைச் சற்றே நோக்குதல் வேண்டும். 1924ஆம் ஆண்டுச் சட்ட நிரூபண சபையில் 49 உறுப்பினர் இருந்தனர். அவர்களுள் 37 பேர் உத்தியோகப் பற்றற்றவர்கள். அரியாலைக் கலாசாலையின் ஸ்தாபகர் போன்றோர் அமர்ந்தது அக்காலச் சபையிலேயே. ஆயினும் அவர்களைத் தெரிந்தவர் யார்? எழுத்தறிவும், அதனோடு சொத்தோ வருமானமோ உடைய ஆடவர் மாத்திரமே. நாடு முழுவதிலும் நூற்றுக்கு ஏறக்குறைய நான்கு பேருக்கே வாக்குரிமை இருந்தது. அரியாலையில் வயலுழுதவனுக்கும், கடனீரேரியில் வலை வீசியவனுக்கும், அவர்களுடைய மனைவியருக்கும் சபை என்பது யாரோ சிலர் அனுப்ப, யாரோ சிலர் போய் வந்த இடம்.

1931ஆம் ஆண்டு டொனமூர் அரசியற்றிட்டம் இந்நிலையை ஒரே நாளில் மாற்றிற்று. 21 வயதடைந்த ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை கிடைத்தது. ஆசியாவிலே இவ்வுரிமையை முதலிற் பெற்ற நாடுகளுள் இலங்கையும் ஒன்று. ஆனால், யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் அவ்வாண்டு அவ்வுரிமையைச் செலுத்தவில்லை. டொனமூர் திட்டம் பூரண சுயராச்சியம் தரவில்லை என்ற காரணத்தால், ஹண்டி பேரின்பநாயகம் முதலியோர் வழிநடத்திய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரிக்கும்படி வேண்டிற்று. குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் ஒருவரேனும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. அந்த இளைஞர்களின் நோக்கம் உயர்ந்தது. சாதி மத பேதமற்ற சுதந்திர இலங்கையை அவர்கள் கனவு கண்டனர். ஆயினும் தென்னிலங்கை அவர்களைப் பின்பற்றவில்லை. தேர்தல் நடந்தது, சபை கூடிற்று, குழுக்கள் அமைந்தன. குடாநாட்டின் நான்கு நாற்காலிகளும் மூன்று ஆண்டுகள் வெறுமையாய்க் கிடந்தன.

வெறும் நாற்காலி யாருக்காகவும் பேசாது. இந்த உண்மையை மக்கள் உணர்ந்த பின்னர், 1934ஆம் ஆண்டிலே இடைத்தேர்தல்கள் நடைபெற்றன. யாழ்ப்பாணத் தொகுதிக்கு மகாதேவாவும், பருத்தித்துறைக்கு ஜீ. ஜீ. பொன்னம்பலமும் உறுப்பினராயினர். ஒரே ஆண்டில் ஒரே வாயிலால் சபை புகுந்த இவ்விருவரும், பின்னர் இரு வேறு வழிகளிற் சென்று, ஒரே தொகுதியில் எதிரெதிரே நிற்க நேர்ந்தது.

அரசாங்க சபை இன்றைய பாராளுமன்றம் போன்றதன்று. அதில் 61 உறுப்பினர் இருந்தனர். தெரிவு செய்யப்பட்டோர் 50 பேர், நியமனம் பெற்றோர் 8 பேர், அரசாங்க உத்தியோகத்தர் 3 பேர். சபையார் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிவர். ஒவ்வொரு குழுவும் தனக்கு ஒரு தலைவரைத் தெரியும். அத்தலைவரே அத்துறையின் மந்திரி. கட்சியாட்சி இல்லாமையால் எல்லா உறுப்பினர்க்கும் நிர்வாகத்தில் ஒரு பங்கு கிடைத்தது. சிறுபான்மையோருக்கும் இதனால் நன்மையுண்டு என்றே திட்டத்தை வகுத்தோர் கருதினர். 1931ஆம் ஆண்டு மந்திரிசபையில் பெரி சுந்தரமும், மாக்கான் மாக்காரும் இடம்பெற்றமை அக்கருத்துக்குச் சான்றாக இருந்தது.

1936ஆம் ஆண்டுத் தேர்தலின் பின் நிகழ்ந்தது வேறு. குழுக்களில் உறுப்பினரைப் பங்கிட்ட விதத்தால், ஏழு குழுக்களிலும் சிங்களவரே தலைவராயினர். இதைத் தனிச் சிங்கள மந்திரிசபை என்றே தமிழ் மக்கள் அழைத்தனர். சீர்திருத்தம் கோருவதற்கு மந்திரிகளிடையே ஒற்றுமை வேண்டும் என்பது அதற்குக் கூறப்பட்ட சமாதானம். ஒற்றுமை வேண்டின் ஓரினத்தவரே இருத்தல் வேண்டும் என்ற அந்தக் கணக்கு, பிற இனத்தவர் நெஞ்சிலே ஆறாத புண்ணாயிற்று. பொன்னம்பலத்தின் ஐம்பதுக்கு ஐம்பது என்ற கோரிக்கை, அதாவது சபையின் ஆசனங்களிற் பாதியைச் சிறுபான்மையோர் அனைவர்க்குமாக ஒதுக்குதல் வேண்டும் என்ற கோரிக்கை, ஊரூராகப் பரவியதற்கு அப்புண்ணே காரணமாகும்.

1942ஆம் ஆண்டு ஸர் டி. பி. ஜயதிலக உள்நாட்டு மந்திரி பதவியைத் துறந்து, இந்தியாவில் இலங்கையின் பிரதிநிதியாகச் சென்றார். அவ்விடத்துக்கு மகாதேவா தெரிவு செய்யப்பட்டார். யுத்த காலம் அது. அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் யப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு வீசியிருந்தன. பொலீஸ் இலாகாவையும் உள்ளடக்கிய உள்நாட்டுத் துறை, அந்நாளில் இலகுவான சுமையன்று.

அவர் பதவியேற்றது சரியா, தவறா என்ற வாதம் அன்றே தொடங்கிற்று. தனிச் சிங்கள மந்திரிசபை என்ற தமிழரின் முறையீட்டை ஒரு தமிழர் உள்ளே புகுந்து வலுவிழக்கச் செய்துவிட்டார் என்றனர் ஒரு சாரார். ஒரு நாற்காலியால் நீதி கிடைத்துவிட்டதாக உலகம் எண்ணிவிடுமன்றோ என்பது அவர்களுடைய அச்சம். அந்த அச்சம் பொருளற்றதென்று எவரும் தள்ளிவிட முடியாது. மற்றொரு சாரார் 1931ஐ நினைவூட்டினர். வெளியே நின்றால் நமக்காக யார் பேசுவார்? கதவு சிறிது திறக்கும்போது நுழையாதவன், அது மூடிய பின் முறையிட்டுப் பயனென்ன? மகாதேவா பின்னைய வழியையே தேர்ந்தார். தந்தையாரை விலகச் செய்த அனுபவம் கையிலிருந்தும், விலகிநின்று கண்ட அனுபவமும் கூடவே இருந்தபடியால், அவர் அம்முடிவுக்கு வந்தார் எனக் கருதுதல் தகும்.

1944ஆம் ஆண்டு, அவர் மந்திரியாயிருந்த காலத்தில், சிங்களத்தை அரச கருமமொழியாக்கும் பிரேரணையை ஜே. ஆர். ஜயவர்த்தன சபையிற் கொணர்ந்தார். தமிழையும் அதனோடு சேர்க்கும் திருத்தத்தை வீ. நல்லையா முன்வைக்க, இரு மொழிகளுக்கும் இடமளித்து அது நிறைவேறிற்று. பேசித் தீர்க்கலாம் என்று நம்பியவர்களுக்கு அந்நாள் ஒரு நல்ல சகுனமாகவே தோன்றியிருக்கும்.

அதே ஆண்டு பொன்னம்பலம் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசை நிறுவினார். ஆண்டிறுதியில் சோல்பரி ஆணைக்குழு இலங்கை வந்தது. ஐம்பதுக்கு ஐம்பது கோரிக்கை அதன்முன் விரிவாக எடுத்துரைக்கப்பட்டது; ஆணைக்குழு அதை ஏற்கவில்லை. அதற்குப் பதிலாக, ஆசனங்களை வகுக்கும்போது சனத்தொகையோடு நிலப்பரப்பையும் கணக்கிடும் முறையை ஏற்றது. 75,000 மக்களுக்கு ஓர் ஆசனமும், 1,000 சதுர மைலுக்கு ஓர் ஆசனமும் என வகுத்தால், மக்கள் செறிவு குறைந்த வட கிழக்கு மாகாணங்கள் சிறிது நன்மை பெறும். மேலும், எந்தச் சமூகத்தையோ சமயத்தையோ பாதிக்கும் விதத்தில் பாரபட்சமான சட்டம் இயற்றுதலாகாது என்ற தடை, அரசியற்றிட்டத்தின் 29ஆம் பிரிவிலே சேர்க்கப்பட்டது.

1945 நவம்பரில், பிரித்தானிய அரசாங்கத்தின் வெள்ளை அறிக்கையை ஏற்கும் பிரேரணையை டி. எஸ். சேனநாயக்கா சபையிற் கொணர்ந்தார். 51 பேர் ஆதரித்தனர். 3 பேர் எதிர்த்தனர். மகாதேவா ஆதரித்தவர்களுள் ஒருவர். சுதந்திரத்தைத் தாமதிக்கச் செய்தவர் தமிழர் என்ற பழி வேண்டாம், 29ஆம் பிரிவும் தென்னிலங்கைத் தலைவர்களின் நல்லெண்ணமும் நமக்குக் காவலாகும் என்பதே அவ்வழி நின்றோரின் துணிபு. பின்னர் சேனநாயக்கா தோற்றுவித்த ஐக்கிய தேசியக் கட்சியிலும் மகாதேவா சேர்ந்தார்.

1947ஆம் ஆண்டுத் தேர்தல் வந்தது. பொன்னம்பலம் தம் பழைய பருத்தித்துறைத் தொகுதியை விட்டு, யாழ்ப்பாணத் தொகுதியிலே மகாதேவாவை எதிர்த்து நின்றார். ஒருபுறம் மந்திரி, அருணாசலத்தின் மைந்தர், இராமநாதனின் குடிப்பிறந்தார். மறுபுறம் நாவன்மையிற் சிறந்த வழக்கறிஞர். மக்களின் மனப்புண்ணைத் தம் குரலாக்கியவர். தேர்தல் முடிவிலே பொன்னம்பலம் 14,324 வாக்குகளும், மகாதேவா 5,224 வாக்குகளும் பெற்றனர். தமிழ்க் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. பதின்மூன்று ஆண்டுச் சேவை 9,100 வாக்கு வித்தியாசத்தால் முடிவுற்றது.

மக்களின் தீர்ப்பு தெளிவானது. குடியாட்சியிலே அத்தீர்ப்புக்குத் தலைவணங்குதல் கடன். ஆயினும், அதன் பின் நிகழ்ந்தவற்றையும் நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும். 1948ஆம் ஆண்டு, தேர்தல் நடந்து ஓராண்டு கழியுமளவில், பொன்னம்பலமே சேனநாயக்காவின் மந்திரிசபையிற் சேர்ந்து கைத்தொழில் மந்திரியானார். காங்கேசன்துறைச் சீமெந்தும், பரந்தன் இரசாயனமும், வாழைச்சேனைக் காகிதமும் அவருடைய பதவிக்காலத்தோடு சேர்த்து எண்ணப்படுகின்றன. எந்த வழியைச் சொல்லி மகாதேவாவை மக்கள் நிராகரித்தனரோ, அந்த வழியையே அவரை வென்றவரும் பயன்படுத்திப் பார்க்க வேண்டியதாயிற்று. அதை ஏற்காத செல்வநாயகமும் அவரைச் சார்ந்தோரும் பிரிந்து சென்று, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியை அமைத்தனர். 1960ஆம் ஆண்டு மார்ச்சுத் தேர்தலில் அதே யாழ்ப்பாணத் தொகுதியில் பொன்னம்பலமும் அல்பிரட் துரையப்பாவிடம் தோல்வியுற்றார்.

ஆகவே, இது இருவரிடையே நடந்த போட்டி மாத்திரமன்று. ஒரு சிறுபான்மைச் சமூகத்தின் பிரதிநிதி எவராயினும் அவர்முன் எழும் வினா இது. உள்ளே புகுந்து பெறக்கூடியதைப் பெறுவதா? வெளியே நின்று உரியதைக் கேட்பதா? உள்ளே சென்றவனைத் துரோகி என்பதும், வெளியே நின்றவனைப் பிடிவாதக்காரன் என்பதும் எளிது. இரு வழிகளுக்கும் விலை உண்டு. அவ்விலையைச் செலுத்துகின்றவர் உறுப்பினர் மாத்திரமல்லர், அவரை அனுப்பிய மக்களும் ஆவர்.

மகாதேவா 1969ஆம் ஆண்டு, எண்பத்து மூன்றாவது வயதிலே காலமானார். தேர்தலில் தோற்ற பின் இருபத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார். அக்காலத்துள் நிகழ்ந்தவை எவை? 1944இல் இரு மொழிகளுக்கும் இடமளித்த தீர்மானத்துக்கு மாறாக, 1956இல் சிங்களம் மாத்திரமே அரச கருமமொழியாயிற்று. 1957இல் பண்டாரநாயக்கா, செல்வநாயகம் ஒப்பந்தம் எழுதப்பட்டது. 1958இல் அது கைவிடப்பட்டது. அவ்வாண்டே நாட்டில் இரத்தம் சிந்திற்று. 1965இல் மற்றோர் ஒப்பந்தம் வந்தது, அதுவும் நிறைவேறவில்லை. அவர் காவலென்று நம்பிய 29ஆம் பிரிவோ, அவர் மறைந்து மூன்று ஆண்டுகளின் பின், 1972ஆம் ஆண்டு அரசியற்றிட்டத்திலே இடம்பெறாது ஒழிந்தது.

இவற்றைக் கொண்டு மகாதேவா ஏமாந்தவர் என்று சொல்லிவிடலாம். ஆனால், தீர்ப்புக் கூறுமுன் ஒன்றை எண்ணிப் பார்த்தல் நன்று. ஒருவன் மற்றொருவன் சொல்லை நம்பி வாழ்வை அமைக்கின்றான்; சொல்லியவன் சொல்லைக் காக்கவில்லை. பழி யாரைச் சாரும்? நம்பியவனின் அறிவிலே குறை காணலாம். அறத்திலே குறை காண்பது அரிது. சொல் தவறியவனுக்கோ இரண்டிலும் குறை உண்டு. 1918ஆம் ஆண்டுக் கடிதம் காக்கப்பட்டிருந்தால், அருணாசலம் விலகியிருக்க மாட்டார். 1944ஆம் ஆண்டுத் தீர்மானம் காக்கப்பட்டிருந்தால், மகாதேவாவின் வழியே சரியான வழி என்று பின்வந்தோர் சொல்லியிருப்பர். பிரதிநிதி ஒருவரின் கீர்த்தி அவர் கையில் மாத்திரம் இல்லை. அவர் யாருடன் கைகோத்தாரோ அவர்கள் கையிலும் இருக்கின்றது.

இதனின்றும் நாம் கொள்ளத்தக்க படிப்பினை இரண்டு. ஒன்று, ஆள்வோருக்கு உரியது. சிறுபான்மையோருள் இணங்கிவர முன்வரும் ஒருவரை வெறுங்கையோடு தம் மக்களிடம் திருப்பியனுப்பும் அரசு, அடுத்த முறை இணங்கிவர ஒருவரும் இல்லாத நிலையைத் தானே உண்டாக்குகின்றது. மற்றையது, வாக்காளருக்கு உரியது. நல்லெண்ணம் வேண்டும்; ஆனால், நல்லெண்ணமுடையார் பதவியில் இல்லாத நாளிலும் நிற்கக்கூடிய எழுத்தும் சட்டமும் அதனினும் வேண்டும். தம் உறுப்பினர் கொணர்ந்த உடன்பாட்டை எடைபோடும்போது, கையொப்பமிட்டவர் யார் என்று மாத்திரம் பாராது, அவர் நீங்கிய பின் அதைக் காப்பது யாது என்றும் கேட்டறிதல் வேண்டும்.

1931இல் முதன்முறை வாக்குரிமை பெற்றும் அதைச் செலுத்தாதிருந்த அரியாலை உழவரும், அவரைப் போன்ற குடாநாட்டு மக்களும், 1947க்குள் தம் வாக்கினால் ஒரு மந்திரியையே வீட்டுக்கு அனுப்பும் வலிமையை அறிந்துவிட்டனர். அவ்வலிமை பெரிது. அதை ஆளும் விவேகம் அதனினும் பெரிது. தோற்றவரின் வரலாற்றையும் வென்றவரின் வரலாற்றையும் ஒருங்கே வைத்துப் படிப்பவர்க்கு அவ்விவேகம் கைகூடும். அந்த வகையில், ஸர் அருணாசலம் மகாதேவாவின் பெயரும் நாம் நினைவிற் கொள்ளத்தக்க பெயரேயாம்.